செவலையின் நீளம்

நாமக்கல்,
6.7.2025

அன்புத் தங்கை சுமித்ராவுக்கு,

மாதேஷ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. விடுதிச் சாப்பாடு பரவாயில்லை, ரசம் மட்டும் வெறும் தண்ணீர். அங்கே மூன்று பேரும் நலம்தானே?

இங்கே யாருக்கும் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் அப்பாவிடம் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

என் பழைய போன் அலமாரியில், இயற்பியல் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் 'சாம்பல் தீவு' விளையாட்டைத் திறந்தால் என் மோராக் இருக்கும். பெயர் செவலை. சிவப்புச் செதில், பாம்புக் கழுத்து, இரண்டு இறக்கை. நீயே என் தோளுக்கு மேல் எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருக்கிறாய். காலையிலும் மாலையிலும் மீன் படத்தைத் தொட்டு அதன் வாய்க்கு இழுத்துவிடு. சனிக்கிழமை குளத்தில் குளிப்பாட்டு. திரையின் மூலையில் அதன் நீளம் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுது. இப்போது 18.62 மீட்டர். இண்டூரில் இதைவிட நீளமானது வேறு யாரிடமும் இல்லை.

ஆறாம் வகுப்பில் முட்டையாகக் கிடைத்தது. ஏழு வருடம் ஆகிறது. நீட் தேர்வில் தவறினேன், இதில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அப்பாவிடம் சொல்லாதே. விளையாட்டால்தான் மார்க் போனது என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே பயிற்சி மையத்தில் நடந்த முதல் தேர்வில் 720-க்கு 420. அதை அம்மாவிடம் சொல்.

பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்,
மாதேஷ்


இண்டூர்,
13.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கடிதம். தபால்காரர் முகவரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ ரசத்தைத் தவிர மற்றதையாவது வயிறாரச் சாப்பிடு.

செவலையின் நீளம்: ஒன்பதாம் தேதி 18.62, பதினொன்று 18.65, இன்றும் 18.65. தனி நோட்டு போட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். தலைப்பு, 'எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிடித்த ஒன்று'. நான் மோராக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். காவேரி டீச்சர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "பாம்புக்கு ரெக்க வெச்ச மாதிரி கீது. இதுவா எல்லாருக்கும் புடிக்கும்?" என்றார்கள். வகுப்பில் எத்தனை பேர் வளர்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி எழுது என்றார்கள்.

விளையாட்டு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. எத்தனையோ விளையாட்டு வந்து போயிருக்க, இது மட்டும் ஏன் நிற்கிறது? அதுதான் என் கேள்வி. ஊரில் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதப் போகிறேன்.

பட்டுப்புழு வளர்ப்புக்கு அப்பா இந்த மாதக் கடைசியில் இளம்புழு வாங்கி வருகிறார். 420 என்றதும் அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தார்கள்.

அன்புடன்,
சுமித்ரா


இண்டூர்,
6.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து பதில் வரவில்லை. படிப்பு அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

இதுவரை பத்தொன்பது பேரைக் கேட்டிருக்கிறேன். பதில்கள் அவ்வளவு நன்றாக இல்லை. "நெருப்பு வுடும்", "கலரு நல்லா கீது", "சும்மா". லாரி ஓட்டுகிற குப்புராஜ் அண்ணன் வண்டியின் முகப்பில் மோராக் படம் ஒட்டியிருக்கிறார். கேட்டதற்கு, "பன்னெண்டு வருசமா வெச்சிருக்கேன் பாப்பா. மாமியா வூட்டுலகூட இத்தினி வருசம் நமக்கு மரியாத நிக்கல" என்றார். பாப்பாரப்பட்டிச் சாலையில் ஒரு காதுகுத்து பேனர். குழந்தை மோராக் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாய்மாமன்கள் ஆறு பேரின் படத்தையும் சேர்த்தால்கூட மோராக்தான் பெரியது.

செவலை: 18.71, அடுத்த நாளும் 18.71, பிறகு 18.80. நேற்றிலிருந்து அது தீனி எடுக்கவில்லை. உடம்பு வெளுத்து, சுருண்டு, தலையை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. முதலில் பயந்தேன். பிறகு புழு மனைக்குள் போய்ப் பார்த்தேன். நம் புழுக்களும் இன்று நாலாவது தூக்கத்தில் இருக்கின்றன. அதே வெளுப்பு, அதே தூக்கிய தலை. தோலுரிக்கப் போகிறது, அவ்வளவுதான்.

தூங்குகிற புழுவுக்கு இலை போட்டால் அப்பா கையைத் தட்டிவிடுவார். தொடக்கூடாது, சத்தம்கூடப் போடக்கூடாது, தானாக எழும் என்பார். அதனால் நானும் செவலையைத் தொடவில்லை. திரையில் ஒரு கல்லின் படம் மின்னிக்கொண்டே இருக்கிறது. அதையும் தொடவில்லை. நீ கவலைப்படாதே. இந்த வேலை நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அன்புடன்,
சுமித்ரா


(நோட்டிலேயே இருந்துவிட்ட கடிதம். அனுப்பவில்லை.)

இண்டூர்,
9.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

செவலை இல்லை. இன்று காலை போனைத் திறந்தபோது பாறை மட்டும் இருந்தது. 'செவலை மலைக்குத் திரும்பிவிட்டது' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு முட்டை.

பாப்பாரப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் முத்துராஜ் அண்ணனிடம் போனேன். தோழியுடையது என்று சொன்னேன். "தூங்கறப்ப ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கத்துல நெருப்புக் கல்லு வெக்கணும். இல்லன்னா குளுரு தாங்காம நாலாம் நாளு போயிரும். இதுகூடவா தெரியாது?" என்றார்.

"திருப்பிக் கொண்டுவர முடியுங்களாண்ணா?"

"முட்டையில இருந்து வளக்கச் சொல்லு. வேற வழி இல்ல."

நம் புழுக்கள் நேற்றே எழுந்துவிட்டன. இலை தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்கிறது. புழுவுக்குச் சரியானதைத்தான் நான் செவலைக்குச் செய்தேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. உன் தேர்வு முடிந்ததும் சொல்கிறேன்.

சுமித்ரா


நாமக்கல்,
14.8.2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். தாமதத்துக்குத் திட்டாதே. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் திங்கட்கிழமைதான் கையில் கிடைத்தது. தூங்கும்போதுதான் கவனிக்க வேண்டும், சுமி. நெருப்புக் கல் வைக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அந்தக் கல்தான் மின்னியிருக்கிறது. நீ யாரையாவது கேட்டுக் கடைசியில் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். நீ எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. உடனே எழுது.

என் அறையில் பாரதி என்று ஒருவன், அரூர்க்காரன். அவனிடம் செவலையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தேர்வு நடந்தது. 435, 450.

அண்ணன்,
மாதேஷ்


இண்டூர்,
20.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

செவலை எழுந்துவிட்டது. 18.84.

புழுக்கள் கூடு கட்டி முடித்துவிட்டன. அப்பா தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோனார். இந்த முறை கூடு நல்ல கெட்டி என்று சொன்னார்களாம். மார்க்கைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: 'உங்கள் மோராக் எப்போதாவது போய்விட்டதா?'

அன்புடன்,
சுமித்ரா


நாமக்கல்,
14.9.2025

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை உண்டா?

அது எழுந்துவிட்டது என்று படித்ததும் பாரதியிடம் கடிதத்தைக் காட்டினேன். "ஒந்தங்கச்சி பொழச்சுக்குவா. டாக்டருக்கு அவளப் படிக்க வெச்சிருக்கலாம், ஒன்ன எதுக்கு இங்க அனுப்பனாங்க?" என்றான். தோலுரித்த பிறகு கழுத்தில் மஞ்சள் வளையம் வந்திருக்க வேண்டுமே. வந்ததா? எத்தனை வளையம் என்று எண்ணி எழுது. மற்றவர்களுடையதற்கு இரண்டு வரும், ரொம்ப நீளமானதற்கு மட்டும் மூன்று.

காலை ஐந்தரைக்கு எழுந்து படிக்க உட்காரும்போது, இந்நேரம் அங்கே ஒருத்தி மீன் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பேன்.

465, 480.

அண்ணன்,
மாதேஷ்


இண்டூர்,
28.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். இங்கே மூன்று நாளாக மழை. ஈர இலையைப் புழுவுக்குப் போடக்கூடாது என்பதால் அம்மா மல்பெரி இலையைத் துணியில் பரப்பி உலர்த்துகிறார்கள்.

மூன்று வளையம். நீளம், ஞாயிறுதோறும் பார்த்தது: 18.88, 18.92, 18.96, 19.00, 19.04.

நாற்பத்தாறு பேரைக் கேட்டு முடித்துவிட்டேன். புதிய கேள்விதான் நன்றாக வேலை செய்தது. 'ஏன் பிடிக்கும்' என்றால் யாரும் பேசுவதில்லை. 'போய்விட்டதா' என்றால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நாற்பத்தாறு பேரில் முப்பத்துமூன்று பேருக்கு ஒரு முறையாவது போயிருக்கிறது. ஒருவர் மருத்துவமனையில் இருந்தபோது. ஓர் அக்காவுக்குக் கல்யாணத்தன்று. குப்புராஜ் அண்ணனுக்கு மூன்று முறை. கொல்லிமலை ஏறும்போது டவர் இல்லையாம். அந்த முப்பத்துமூன்று பேரில் இருபத்தெட்டுப் பேர் மறுபடியும் முட்டையிலிருந்து வளர்த்திருக்கிறார்கள்.

வேறு விளையாட்டுகளில் தோற்றால் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதில் தோற்றவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். பதினான்கு வருடமாக இது நிற்பதற்கு அதுதான் காரணம் என்று கட்டுரையில் எழுதலாம் என்றிருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? தீபாவளிக்கு எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

அன்புடன்,
சுமித்ரா


நாமக்கல்,
12.10.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கும் அப்படியே என நம்புகிறேன்.

தீபாவளிக்கு வரவில்லை. சிறப்பு வகுப்பு இருக்கிறது. அப்பாவிடம் போனில் சொல்லிக்கொள்கிறேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம். கட்டுரை நன்றாக இருக்கிறது. 495.

மூன்று வளையத்தையும் படம் வரைந்து அனுப்பு.

மாதேஷ்


இண்டூர்,
26.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். தீபாவளி அமைதியாகப் போனது. அம்மா உன் பங்கு அதிரசத்தை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

கட்டுரைக்கு வரைபடம் வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள். முதலில் நம் புழுவை வரைந்தேன். தினமும் அளவுகோல் வைத்து அளந்தது. கோடு ஏறுகிறது, தூக்கத்தின்போது படுத்துவிடுகிறது, மறுபடி செங்குத்தாக ஏறுகிறது. பிறகு செவலையை வரைந்தேன். ஜூலையில் கோணலாக ஏறுகிறது. ஆகஸ்ட் ஒன்பதுக்குப் பிறகு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராகப் போகிறது. நான்கு நான்கு சென்டிமீட்டர்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். போன தடவை என்ன எழுதினேன் என்று பார்த்து, கொஞ்சம் கூட்டி எழுதினேன். செவலை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியே போய்விட்டது, அண்ணா. புழுவைப் போல நினைத்துத் தொடாமல் விட்டேன். வளையம் எதுவும் இல்லை. அன்று எழுதிய கடிதம் என் நோட்டில் இருக்கிறது. அனுப்பத் தைரியம் வரவில்லை. உனக்குத் தெரிந்தால் படிக்காமல் உட்கார்ந்துவிடுவாய் என்று பயந்தேன்.

இதை உன் தேர்வுக்குப் பிறகுதான் சொல்வதாக இருந்தேன். இப்போதே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செவலையின் கோட்டைப் பார்த்துவிட்டு, உன் கடிதங்களை எடுத்து அந்த மார்க்குகளையும் வரைந்தேன். 420, 435, 450, 465, 480, 495. அதுவும் நேர்கோடு. உண்மையாக வளர்கிற எதுவும் அப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

நீ என்னைத் திட்டு. பேசாமல்கூட இரு. ஆனால் அந்த எண்களை மட்டும் இன்னொரு முறை எழுதி அனுப்பு. யாரிடமும் காட்ட மாட்டேன்.

சுமித்ரா


நாமக்கல்,
16.11.2025

சுமிக்கு,

உயிரோடு நலமாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் உன்மேல் அத்தனை கோபம். கடிதத்தைப் படுக்கைக்கு அடியில் போட்டுவிட்டேன். பாரதியிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் எடுத்துக் கடைசிப் பத்தியை மட்டும் படித்தேன்.

420, 396, 371, 402, 340. அதற்கடுத்த தேர்வில் பேப்பரை வாங்கி, பெயர் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி எல்லாம் படித்தது மாதிரியும் இருந்தது, படிக்காதது மாதிரியும் இருந்தது. தீபாவளிக்குச் சிறப்பு வகுப்பு எதுவும் இல்லை. விடுதியில் ஏழு பேர் இருந்தோம். வீட்டுக்கு வந்தால் அப்பா எதிரே உட்கார்ந்து 495 என்று சொல்ல வேண்டுமே. போனில் சொல்லிவிடலாம், நேரில் முடியாது.

இன்னொன்று. உன் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள். எட்டாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டிருந்ததே, அப்போது செவலை போய்விட்டது. முட்டையிலிருந்து ஆரம்பித்து அதே பெயரை வைத்தேன். யாருக்கும் தெரியாது. ஒருநாள்கூடத் தவறவில்லை என்று உன்னிடம் எழுதினேனே, அதுவும் பொய்தான். நீ தொலைத்தது இரண்டாவது செவலை.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டு. அடுத்த ஞாயிறு போன் வருவதற்குள் படித்துவிடு. நானே சொல்லலாம் என்று மூன்று வாரம் முயற்சி செய்தேன். "எப்படிடா படிக்கற?" என்கிறார். "நல்லா படிக்கறேம்ப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

இங்கே இருப்பதா, வருவதா என்று எனக்கே தெரியவில்லை. அதையும் அவரிடம் சொல்.

மாதேஷ்


இண்டூர்,
24.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அம்மா இரண்டு நாள் அழுதார்கள், இப்போது இல்லை. நீ எழுதிய எண்களில் ஒன்றைக்கூட மாற்றாமல் படித்தேன்.

புழு இல்லாத வாரம். அப்பா மனையைக் கழுவி, தட்டுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று படித்தேன், நான் உனக்கு எழுதிய பொய்யையும் சொன்னேன். முடித்ததும், "அந்த நம்பரு மட்டும் இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். "முன்னூத்தி நாப்பது" என்று திருப்பிச் சொன்னார். பிறகு, "சாப்புடறானான்னு எழுதியிருக்கானா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"நீயும் எத்தினி மாசமா பொய் எழுதிட்டிருந்த?"

"ரெண்டு மாசத்துக்கு மேலங்க."

"ரெண்டு பேரும் எனக்குப் பயந்துக்கிட்டா?"

"நான் அண்ணனுக்குப் பயந்தேங்க. அண்ணன்தான் உங்களுக்கு."

மறுபடியும் சுண்ணாம்பு பூச ஆரம்பித்துவிட்டார். அம்மா வந்து, "வூட்டுக்குக் கூட்டியாந்துருங்க" என்றார்கள். "வர்றதா இருக்கறதான்னு அவனே சொல்லட்டும். நான் இழுத்தாந்தா, நான் இழுத்தாந்ததா ஆயிரும்" என்றார் அப்பா.

நேற்று போனில் அவர் மார்க் கேட்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் நீங்கள் இருவருமே பேசவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போனை வைத்துவிட்டு, "நேர்ல போயி மொதல்ல என்னத்த பேசறது?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது இதுவே முதல் முறை. செவலையைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். "அதப் பத்தி எனக்கு என்னா தெரியும்?" என்றார். தெரியாது என்பதால்தான் கேட்கச் சொன்னேன்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் ஒன்பதோடு செவலையின் கோட்டை நிறுத்திவிட்டேன். போய் மறுபடி வளர்த்தவர்கள் இருபத்தொன்பது பேர் என்று திருத்தினேன். உன் பெயரை எழுதவில்லை.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அப்பா சேலம் போய் பஸ் மாறி, பதினொரு மணிக்குள் அங்கே வந்துவிடுவார். மோராக் என்றால் என்ன என்று கேட்பார். நெருப்பு எப்படி விடும், ஏன் மலைக்குப் போகும், எல்லாவற்றையும் கேட்பார். புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி தலையாட்டுவார். சிரிக்காமல் மெதுவாகச் சொல்.

ஒரு பையில் அதிரசம், முறுக்கு, உன் சால்வை. இன்னொரு பெரிய பையை உதறி மடித்து அதற்குள் வைத்திருக்கிறார். அது காலிப் பை. உன் துணிமணியும் புத்தகமும் அதில் அடங்கும்.

அன்புடன்,
சுமித்ரா